கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு நடக்கக் கிளம்பும் நண்பர்களுக்கு

சென்னை, கோவை, மதுரை, பெங்களூரு மலையேற்றக் குழுக்களின் நண்பர்களே,

மழை விட்டதும் உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் அறிவிப்பு சுற்ற ஆரம்பிக்கும். ‘கொடை டு மூணாறு. மூன்று பகல், இரண்டு இரவு. சாப்பாடு, டென்ட் உட்பட. பெர்மிட் கவலை வேண்டாம், லோக்கல் ஆள் இருக்கார்.’ இந்த மடல் அந்தக் கடைசி வரியைப் பற்றியது. அந்த லோக்கல் ஆள் யார், எந்த வழியாகக் கூட்டிப் போவார், நடுக்காட்டில் ஒருவருக்குக் கால் பிசகினால் யார் பொறுப்பு என்றெல்லாம் பணம் கட்டும் முன் நீங்கள் கேட்பதில்லை. கேட்கிற ஒன்றிரண்டு பேருக்கும் ‘பல வருஷமா போயிட்டுத்தானே இருக்கோம்’ என்ற பதிலே போதுமானதாக இருந்துவிடுகிறது.

உங்கள் ஆசையில் தப்பில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் உங்களைப் பார்த்துப் பேசுகிறவர்களில் பாதிப் பேர், மலை ஏறுவதே கொழுப்பு என்ற தொனியில்தான் ஆரம்பிக்கிறார்கள். கொடைக்கானல் என்ற ஊரே நடந்தும் சுமந்தும் உண்டான ஊர். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் அங்கே முதல் வீடுகளைக் கட்டியபோது மலைக்கு வண்டிச் சாலை கிடையாது. 1910-களில் லாஸ் காட் சாலை போடப்படும் வரை துரைமார்களும் அவர்களுடைய பெட்டி படுக்கையும் மேலே போய்ச் சேர்ந்தது கூலியாட்களின் தோளில்தான். 1860-களில் டக்ளஸ் ஹாமில்டன் என்ற படை அதிகாரி பழனி மலையின் மேல்மட்டத்தைச் சுற்றிப் பார்த்து எழுதியும் வரைந்தும் வைத்தார். பேரிஜம் பக்கத்தில் ஃபோர்ட் ஹாமில்டன் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. பிறகு அந்த மேட்டு நிலத்தின் வழியாக மூணாறு வரை சாலை போனது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சென்னைப் பக்கம் இறங்கிவிட்டால் வெள்ளைக்காரர்கள் கொடை ஏறி, மூணாறு இறங்கி, கொச்சியில் கப்பல் பிடிக்கலாம் என்று திட்டம் போட்டதால் அதற்கு ‘எஸ்கேப் ரோடு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பான்காரன் வரவில்லை. சாலையும் 1990 வாக்கில் மூடப்பட்டது.

பழனி மலையின் உச்சியான வந்தரவு, 2,553 மீட்டர், அந்தப் பாதையில் இருக்கிறது. ஒரு பக்கம் சோலை, மறுபக்கம் புல்வெளி, கீழே தேனிச் சமவெளி. இதை நடந்து பார்க்க வேண்டும் என்று இருபத்தைந்து வயதுக்காரருக்குத் தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம்.

உங்கள் குறைகளும் பொய்யில்லை. அனுமதிச் சீட்டு வாங்கிய கார் பேரிஜம் ஏரி வரை டீசல் புகையோடு போகிறது, அதற்கு அப்பால் ஓசையில்லாமல் நடக்கிறவன் மட்டும் குற்றவாளியா என்று கேட்கிறீர்கள். 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்து, இணையத்தில் பதிவு செய்ய வைத்து, பழங்குடி இளைஞர்களையும் வனத்தை ஒட்டிய ஊர்க்காரர்களையும் வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறது. நல்ல காரியம். ஆனால் அவை பெரும்பாலும் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடுகிற நடைகள். பல நாள் நடக்க விரும்புகிறவருக்கு முறையான வழி எங்கே என்ற உங்கள் கேள்விக்கு இதுவரை நேரான பதில் இல்லை. அந்தக் கேள்வியை நீங்கள் விடவே கூடாது. அதைக் கேட்க வேண்டிய இடம் வனத்துறையின் மேசை. நீங்களோ இருட்டில் செக்போஸ்ட்டைச் சுற்றிப் போய் பதில் தேடிக்கொள்கிறீர்கள்.

அப்படிச் சுற்றிப் போகும்போது எதற்குள் கால் வைக்கிறீர்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். 2013-இல் அந்த நிலம் கொடைக்கானல் வனஉயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர். மேற்கே எல்லையைத் தாண்டினால் கேரளத்தின் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா, குறிஞ்சிமலைச் சரணாலயம், அதற்கும் அப்பால் சின்னாறு, இரவிகுளம். வடமேற்கே ஆனைமலைப் புலிகள் காப்பகம். இரண்டு மாநிலம், இரண்டு வனத்துறை, இரண்டு சட்ட எல்லை. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். குப்பை போட்டீர்களா, தீ மூட்டினீர்களா என்பதெல்லாம் அதற்கு மேல் வருகிற கணக்கு. ‘நாங்கள் ஒரு பிளாஸ்டிக்கூட விடவில்லை’ என்று உங்களில் பலர் உண்மையாகவே சொல்கிறீர்கள். நம்பலாம். ஆனால் காடு உங்களிடம் கேட்கிற முதல் கேள்வி அது அல்ல.

நீங்கள் கூடாரம் போடுகிற இடத்தைப் பாருங்கள். சோலைக்குள் யாரும் போடுவதில்லை. அட்டை ஏறும், ஈரம், வெளிச்சமும் இல்லை. சமமான, காற்று வருகிற, காலையில் மேகம் கீழே கிடப்பதைப் படம் எடுக்கத் தோதான புல்வெளியில்தான் கம்பி அடிக்கிறீர்கள். பழனி மலையில் மிக அரிதாகிப் போனது அந்தப் புல்வெளிதான். செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று சொல்கிறது. சீகை, பைன், தைல மரத் தோட்டங்களும் விவசாயமும் அதைத் தின்றுவிட்டன. நகரத்திலிருந்து வருகிறவர் பைன் மரத்தடியில் நின்று ‘என்ன அழகான காடு’ என்கிறார். அது காட்டின் இடத்தில் வைத்த தோப்பு. வெறும் புல் என்று நீங்கள் நினைக்கிற மேடுதான் அசல் காடு. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் சோலை ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அது. வரையாடு மேய்வது அதில். தரையில் கூடு கட்டும் நெட்டைக்காலிக் குருவி முட்டையிடுவதும் அதில்தான். மிச்சமிருக்கிற மூன்றில் ஒரு பங்கின் மேல்தான் உங்கள் டென்ட் விரிகிறது.

அந்தி நேரத்தையும் யோசியுங்கள். காட்டுமாடு சோலையை விட்டு மேய்ச்சலுக்கு வெளியே வருவது அப்போதுதான். கொடை ஊருக்குள்ளேயே, பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே அதைப் பார்த்துப் பழகியவர்கள் அதைச் சாது என்று நினைத்துவிடுகிறார்கள். ஊர் விளக்கில் நிற்கிற மாடு வேறு, கன்றோடு புல்வெளிக்கு வரும்போது எதிரே இருபது பேர் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற மாடு வேறு.

இனி தீ. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

மேல் பழனியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுகிறது. காலையில் புல்லின் மேல் உப்புத் தூவியது போல வெள்ளையாக இருக்கும். ஒன்பது மணிக்கு உருகிவிடும். நீங்கள் அதைப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். அந்தப் பனிதான் புல்லைக் கருக்குகிறது. மாசி வந்தால் இடுப்பளவு புல் வைக்கோலாக நிற்கும். நடந்தால் தாள் கசங்குகிற சத்தம் கேட்கும். பகல் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி வீசும். கீழே பற்றிய தீ அந்தக் காற்றோடு சரிவில் ஏறும்போது, தனக்கு மேலே இருக்கிற புல்லை முதலில் சூட்டால் காய வைத்து, பிறகு பற்றுகிறது. சரிவு எவ்வளவு செங்குத்தோ, தீ அவ்வளவு வேகம். மனிதக் கால் அதற்கு எதிராக மேலே ஓடி ஜெயித்துவிட முடியாது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலைக்கு ஏறி, தங்கி, மறுநாள் இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் அப்படியொரு தீயில் சிக்கின. ஒன்று சென்னையிலிருந்து போனது, பெரும்பாலும் பெண்கள். இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கம். அவர்கள் போன பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்று அரசு சொன்னது. மொத்தம் 23 பேர் செத்தார்கள். அன்றைக்கே சிலர், மற்றவர்கள் ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் கிடந்து ஒவ்வொருவராக. விமானப் படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அவை வரும் முன்னால் இருட்டில் டார்ச்சோடு ஏறி, வெந்த உடம்புகளைப் போர்வையில் கிடத்திக் கீழே சுமந்தவர்கள் குரங்கணிப் பக்கத்து ஊர்க்காரர்கள்.

செத்தவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். ஐ.டி. வேலை பார்த்தவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். கூட்டிப் போகிறவர் எல்லாம் பார்த்திருப்பார் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள். பதிவேட்டில் பெயர் இருந்தால், எத்தனை பேர் மேலே இருக்கிறார்கள், எந்தப் பாதையில் இருக்கிறார்கள் என்று கீழே ஒருவருக்குத் தெரியும். புகை தெரிந்ததும் பாதையை மூட ஒருவர் இருப்பார். பெர்மிட் என்ற காகிதத்தின் பயன் அதுதான். குரங்கணிக்குப் பிறகு அந்த ஆண்டே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. தீக்காலத்தில் பாதைகளை மூடுவதும் அதன் தொடர்ச்சிதான். ‘வருஷத்துல பாதி நாள் மூடியே வச்சிருக்காங்க’ என்று சலித்துக்கொள்கிறீர்கள். பெரு நாட்டின் இன்கா பாதையை உங்களில் பலர் கனவுப் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அது ஒவ்வொரு பிப்ரவரியும் முழுதாக மூடப்படுகிறது. சுமைக்காரர்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் விடுவதில்லை. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் நுழையவே முடியாது. அங்கே வரிசையில் நிற்கத் தயாராக இருக்கிறவர்கள் இங்கே பேரிஜத்தில் ஏன் வேலியைத் தேடுகிறீர்கள்?

2024-இல் ஏப்ரல் கடைசியில் கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் நாள்கணக்கில் காடு எரிந்தது. அந்தச் சமயத்தில் எங்காவது ஒரு மடிப்பில் அனுமதியில்லாத குழு ஒன்று கூடாரத்தில் படுத்திருந்தால், தீயை அணைக்கப் போன தீத்தடுப்புக் காவலர்களுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. கையில் வெட்டிய தழையும் முதுகில் தண்ணீர்ப் பையுமாகச் சரிவில் நிற்கிற தினக்கூலி ஆட்கள் அவர்கள். எதிர்த் தீ வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற நேரத்தில், மேலே ஆள் இல்லை என்று நம்பித்தான் வைப்பார்கள்.

லோக்கல் ஆளுக்கு வருவோம். நீங்கள் பிடிபட்டால் அபராதம் கட்டுகிறீர்கள், மன்னிப்புக் கடிதம் எழுதுகிறீர்கள், திங்கள்கிழமை வேலைக்குப் போய்விடுகிறீர்கள். கூட்டிப் போன மேல்மலைப் பையன் அங்கேயே இருக்க வேண்டும். வழக்கு அவன் பெயரில் நிற்கும். நாளைக்கு அவனே முறையான வழிகாட்டிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தால் அந்த வழக்கு முன்னால் வந்து நிற்கும். தேன் எடுக்கவும் கிழங்கு தோண்டவும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி தங்களுக்குள்ள உரிமைக்காக இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிற பளியர் குடியிருப்புகள் இந்த மலையில் இருக்கின்றன. காட்டின் கதவை வனத்துறை இன்னும் இறுக்கினால், முதலில் நசுங்குவது அவர்கள் விரல்தான்.

மேல்மலைக் கிராமங்கள் பக்கமும் அதேதான். பூண்டி, கவுஞ்சி, கிளாவரை என்று போனால் எல்லைக்கு அப்பால் வட்டவடை, கோவிலூர். அங்கேயும் தமிழ்தான், அங்கேயும் பூண்டுதான், பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. சாவுக்கும் சடங்குக்கும் அவர்கள் காலங்காலமாக நடந்த தடத்தைத்தான் நீங்கள் ‘சீக்ரெட் ட்ரெயில்’ என்று பெயர் வைத்து வீடியோ போடுகிறீர்கள். உங்கள் வீடியோ பத்தாயிரம் பேரைக் கூட்டி வந்தால், அடுத்து அங்கே வருவது சங்கிலி. அந்தச் சங்கிலி சென்னைக்காரரையும் கிளாவரைக்காரரையும் பிரித்துப் பார்க்காது.

முறையாக நடப்பது சப்பென்று இருக்கும் என்று நினைக்கிறவர்கள், வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கிப் பாருங்கள். அது அரசுப் பட்டியலில் உள்ள பாதை. டால்பின் நோஸ் பாறையைத் தாண்டியதும் சுற்றுலாக் கூட்டம் முடிந்துவிடும். வேர்களே படிகளாக இருக்கிற இறக்கம், முழங்காலைச் சோதிக்கும். எதிரே மணி கட்டிய குதிரைகள் மூட்டை சுமந்து வரும். ஒதுங்கும்போது மேட்டுப் பக்கம் ஒதுங்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். வழிகாட்டி இதைச் சொல்லித்தருவார், யூடியூப் சொல்லாது. தலைமுறைகளாகச் சாலை இல்லாமல் வாழ்ந்த ஊர் அது. நோயாளியை டோலி கட்டித் தூக்கிய ஊர். ஊருக்குள் கோயில்களும் வீடுகளும் கலந்து இருப்பதால் யாரும் செருப்புப் போடுவதில்லை. எல்லையில் உங்கள் பத்தாயிரம் ரூபாய் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வழிகாட்டிக்குக் கூலி, ஊரில் காபிக்குக் காசு என்று நீங்கள் கொடுக்கிற பணம் அந்த மலையிலேயே தங்குகிறது.

ஆனாலும் அது ஒரு நாள் நடைதான். நீங்கள் கேட்பது நெடுநடை. அதைக் கேளுங்கள், உரக்கக் கேளுங்கள். கேட்டால் நடக்கும் என்பதற்கு இதே பாதையில் ஒரு சாட்சி இருக்கிறது. 1989-இல் கேரளத்து இயற்கை ஆர்வலர்கள் கொடைக்கானலிலிருந்து மூணாறு வரை நடந்தார்கள். குறிஞ்சி பூக்கும் சரிவுகள் தைல மரத்துக்கும் ஆக்கிரமிப்புக்கும் போய்க்கொண்டிருந்ததை ஊருக்குச் சொல்வதற்காக நடந்த நடை அது. அந்த இயக்கம் விடாமல் மனு போட்டது, கூட்டம் போட்டது, எழுதியது. 2006-இல், குறிஞ்சி பூத்த ஆண்டிலேயே, கேரள அரசு குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. நடந்தவர்கள் வாங்கித் தந்த சரணாலயம் அது. அதற்குள்தான் இன்றைக்கு நடக்கிறவர்கள் திருட்டுத்தனமாக நுழைகிறார்கள்.

குறிஞ்சி அடுத்து 2018-இல் பூத்தது. இனி 2030. அந்த ஆண்டு ஆடி, ஆவணியில் கொடைக்கும் மூணாறுக்கும் எவ்வளவு கூட்டம் வரும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் ஓர் ஒழுங்கு வரவேண்டும். சட்டத்தில் இடம் இருக்கிறது. சரணாலயத்துக்குள் ஆய்வுக்கும் படம் எடுக்கவும் சுற்றுலாவுக்கும் அனுமதி கொடுக்கும் அதிகாரம் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு அதே 1972 சட்டத்தில் உண்டு. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களின் பழைய தடங்களை இணைத்து 300 கிலோமீட்டருக்கு மேல் 22 கட்டங்களாகப் ‘பீகோ ட்ரெயில்’ என்று ஒரு நெடுநடையை உருவாக்கியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் மில்ஃபோர்டு தடத்தில், பருவ காலத்தில் தனியாக நடக்கிறவர்கள் நாளுக்கு 40 பேருக்கு மேல் கிடையாது. கூடாரம் கிடையாது, குறித்த குடிலில்தான் தூங்க வேண்டும். ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். இவற்றில் எது நமக்குப் பொருந்தும் என்று விவாதிக்க உங்களைவிடத் தகுதியானவர்கள் யார்? மலைகளைக் காலால் அறிந்தவர்கள் நீங்கள்.

ஆகவே கேட்பது இது. உங்கள் குழுக்கள் ஒன்றாகச் சேர்ந்து தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளர்களுக்கும் மனு எழுதுங்கள். பேரிஜத்திலிருந்து மூணாறுப் பக்கத்து டாப் ஸ்டேஷன் வரை, நாளுக்கு இத்தனை பேர் என்ற கணக்கோடு, இரு மாநில வழிகாட்டிகளோடு, புல்வெளியில் கம்பி அடிக்காமல் பழைய வனத்துறைக் கட்டடங்களிலோ மேல்மலைக் கிராமங்களிலோ தங்கும்படி, தீக்காலத்தில் முழுதாக மூடும்படி ஒரு பாதையைக் கேளுங்கள். கிளாவரை, வட்டவடை, பளியர் குடியிருப்பு மக்களிடம் முதலில் போய்ப் பேசுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் தடங்களை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். வனத்துறை முடியாது என்று பதில் எழுதினால், காரணம் கேட்டு மறுபடி எழுதுங்கள்.

பதில் வரும் வரை போகாதீர்கள். வரப்போகும் சீசன் பட்டியலில் ‘கொடை டு மூணாறு’ இருந்தால், அமைப்பாளர்களே, இன்றைக்கே எடுத்துவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஏற்கெனவே நடந்தவர்கள் நடைச் செயலிகளில் ஏற்றி வைத்திருக்கிற ஜிபிஎஸ் தடங்கள், கூகுள் மேப்பில் குத்தி வைத்த கூடார இடங்கள், ‘செக்போஸ்ட்டைத் தாண்டுவது எப்படி’ என்று விளக்கும் வீடியோக்கள் எல்லாம் இன்னும் திறந்தே கிடக்கின்றன. யாரோ ஒரு கல்லூரிப் பையன் அடுத்த மாசி மாதம் அவற்றில் ஒன்றைத் தரவிறக்கிக்கொண்டு கிளம்புவான். அவற்றை நீக்குங்கள், இந்த வாரத்துக்குள்.